உறைமோரும் எஸ்.டி.பி.யும்

கேள்வி: எங்கள் பழைய நான்கு மாடிக் கட்டடத்தை இடித்துவிட்டு, மும்பை சயான் கிழக்கில் அதே இடத்தில் இருபது மாடி எழுப்பிக் கொடுத்திருக்கிறார் பில்டர். 80 வீடுகள். அடித்தளத்தில் எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) என்று ஓர் அறை. அதன் சாவியையும் ஒரு ஃபைலையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காலையில் லிஃப்ட் வாசல் வரை நாற்றம் வருகிறது. கரண்ட் பில்லைப் பார்த்த பொருளாளர், "ராத்திரி பூரா அதை நிறுத்தி வைத்தால் என்ன?" என்கிறார். போன ஜூலையில் ஒருநாள் கனமழை. கீழ்த்தள சேம்பர் பொங்கி, கார் நிறுத்தும் இடமெல்லாம் கழிவுநீர். செயலாளர் பதவிக்குச் சரி என்று சொன்னதற்கு இதுவா தண்டனை? என்ன செய்யலாம்?

பதில்: செயலாளர் சார், உங்கள் கடிதத்தில் மூன்று புகார்கள் இருக்கின்றன: நாற்றம், கரண்ட், மழை. மூன்றுக்கும் தீர்வு உண்டு, பெரிய செலவும் இல்லை. ஆனால் வரிசை மாறக்கூடாது. குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் தொட்டியைத் திருத்தினால் பாதி வேலைதான் ஆகும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் குழாயைத் தேடுங்கள்

பில்டர் கொடுத்த ஃபைலில் வரைபடம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பிளம்பரையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடத்தைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு சேம்பரின் மூடியையும் திறந்து பார்த்து, மழைத் தண்ணீருக்கு நீலப் பெயின்ட், கழிவுநீருக்குச் சிவப்புப் பெயின்ட் என்று மூடியிலேயே குறி போடுங்கள். இரண்டும் எங்கேயாவது சேர்கின்றனவா என்பதுதான் நீங்கள் தேட வேண்டியது.

ஏன் இவ்வளவு முக்கியம்? நம் பகுதியைப் பாருங்கள். சயான் என்ற பெயரே எல்லை என்று பொருள்படும் 'சீவ்' என்ற மராத்திச் சொல்லிலிருந்து வந்தது. பழைய பம்பாய்த் தீவு முடிந்து காடி, அதாவது கடற்கழி, தொடங்கிய இடம் இது. மேற்கே மித்தி நதியும் மாஹிம் காடியும், கிழக்கே மாஹுல் காடியும். மழைநீர் வடிகாலில் விழுவது எதுவும் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் பார்ப்பதில்லை. நாலா (பெரிய வடிகால்) வழியாக நேரே இந்தக் காடிகளில் போய்ச் சேர்கிறது. பாதாளச் சாக்கடையில் விழுவதுதான் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கேயும் கதை இன்னும் முடியவில்லை. ஒர்லியிலும் பாந்த்ராவிலும் பல ஆண்டுகளாகக் குப்பையையும் மணலையும் மட்டும் வடிகட்டிவிட்டு, கடலுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய் வழியே கழிவுநீரை ஆழ்கடலில் விட்டு வந்தார்கள். முழுச் சுத்திகரிப்புக்காக ஏழு நிலையங்களுக்கு 2023 ஜனவரி 19 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஏழும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 2,460 எம்.எல்.டி., அதாவது 246 கோடி லிட்டர். அவற்றில் நமக்குப் பக்கத்தில் இருக்கும் தாராவி நிலையத்தின் அளவு மட்டும் 418 எம்.எல்.டி.

"அதெல்லாம் கட்டி முடிக்கட்டும், பிறகு நாம் எதற்கு?" என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு ஒரே பதில்: உங்கள் கழிவுக் குழாய் மழைக் குழாயோடு சேர்ந்திருந்தால், தாராவியில் எத்தனை பெரிய நிலையம் கட்டினாலும் உங்கள் கழிவு அங்கே போய்ச் சேரப் போவதில்லை. ஊர் நிலையம் ஊர்க் குழாயில் வருவதைத்தான் சுத்தம் செய்யும்.

சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மொட்டை மாடியின் மழைக் குழாயில் ஊற்றுங்கள். கீழே சிவப்புக் குறி போட்ட சேம்பரில் நீலம் வந்தால், போன ஜூலையில் உங்கள் கார் நிறுத்துமிடம் ஏன் நிரம்பியது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. கணக்கு போட்டுப் பாருங்கள். மொட்டை மாடி 1,000 சதுர மீட்டர் என்றால், 100 மில்லிமீட்டர் மழையில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் இறங்கும். உங்கள் கட்டடத்தில் நாள் முழுவதும் உண்டாகும் கழிவுநீரோ சுமார் 35,000 லிட்டர்தான். எந்தத் தொட்டி தாங்கும்?

அந்த 35,000 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 320 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நகர்ப்புறக் கணக்கு. அதில் எண்பது சதவீதம் கழிவாக வெளியேறும். பெருக்கினால் 34,560 லிட்டர். பில்டரின் ஃபைலில் எஸ்.டி.பி.யின் கொள்ளளவு இதற்குக் குறைவாக இருந்தால், இப்போதே எழுத்தில் கேளுங்கள். அதிகமாக இருந்தால் சந்தோஷம்.

தொட்டிக்குள் இருப்பது தயிர்

இனி அறைக்குள் போவோம். எஸ்.டி.பி.யை லிஃப்ட் மாதிரி ஓர் இயந்திரம் என்று நினைப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். லிஃப்டை நிறுத்தலாம், மறுபடி ஓட்டலாம், அது பாட்டுக்கு மேலே போகும். எஸ்.டி.பி.யின் காற்றுத் தொட்டிக்குள் இருப்பது உயிர். கோடானுகோடி நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று, பெருகி, கட்டிகட்டியாகச் சேர்ந்து, அடுத்த தொட்டியின் அடியில் படிகின்றன. மேலே தெளிந்த தண்ணீர் நிற்கிறது. படிந்ததில் ஒரு பங்கை மறுபடி காற்றுத் தொட்டிக்கே திருப்பி விடுகிறோம். இதைத்தான் நம் பாட்டிமார் தினமும் செய்தார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்தால்தான் இன்றைய பால் உறையும். உறைமோர் தீர்ந்த வீட்டில் எவ்வளவு நல்ல பால் வாங்கினாலும் தயிர் கிடையாது.

செம்பூரில் ஒரு கட்டடம் எனக்குத் தெரியும். தீபாவளி விடுமுறையில் ஆபரேட்டர் ஊருக்குப் போனார். செலவு மிச்சம் என்று பத்து நாள் முழுவதும் அணைத்து வைத்தார்கள். திரும்ப ஓட்டியபோது தொட்டி கறுப்பாக இருந்தது. பக்கத்துச் சொசைட்டியிலிருந்து ஒரு டேங்கர் நல்ல கசடு இரவல் வாங்கி ஊற்றினோம். ஊரில் மோர் இரவல் வாங்குவது போலத்தான். அதற்குப் பிறகும் தண்ணீர் தெளிய மூன்று வாரம் ஆனது. பத்து நாளில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு டேங்கருக்கும் மருந்துக்கும் போயிற்று.

உங்கள் தொட்டியில் உறைமோர் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு லிட்டர் அளவுள்ள, கோடு போட்ட கண்ணாடி ஜாடி போதும். காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து ஜாடியில் ஊற்றி, அசைக்காமல் சரியாக முப்பது நிமிடம் வையுங்கள். அடியில் படிந்த கசடு 250 முதல் 400 மில்லிக்குள் இருந்தால் நலம். நூறுக்குக் கீழே என்றால் உறை பற்றவில்லை. கசடைக் கொஞ்ச நாள் வெளியே எடுக்காமல் திருப்பி விடுங்கள். அறுநூறு எழுநூறு என்றால் கசடு மண்டிவிட்டது, வெளியேற்ற வேண்டும். பிளாஸ்டிக் சில்லுகள் மிதக்கும் எம்.பி.பி.ஆர். வகை என்றால் இந்த எண் குறைவாகத்தான் இருக்கும். அங்கே உயிர்கள் சில்லுகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று முதலில் ஃபைலைப் பாருங்கள்.

நிறமும் பேசும். மாட்டுங்கா கடையில் அரைத்து வாங்கும் காபித்தூள் நிறத்தில், மழை பெய்த மண் வாசனையோடு இருந்தால் தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது. கறுத்துப் போய் அழுகிய வாடை வந்தால் காற்று போதவில்லை. மேலே வெள்ளை நுரை பொங்கினால் சோப்பு அதிகம், அல்லது கசடு இன்னும் இளசு. பழுப்பாக, பிசுபிசுப்பாக நுரை கட்டினால் கசடு கிழடு தட்டிவிட்டது, அல்லது எண்ணெய் வருகிறது.

நாற்றம் எங்கிருந்து?

லிஃப்ட் வாசலில் நாற்றம் என்றால் உடனே வாசனைத் திரவம் வாங்காதீர்கள். நாற்றம் வருவதற்கு நான்கு வழிகள்தான். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

ஒன்று, கழிவு முதலில் வந்து சேரும் தொட்டி. அங்கே காற்றோ கலக்கலோ இல்லாமல் ஆறேழு மணி நேரம் தேங்கினால் அழுகத் தொடங்கும். அந்தத் தொட்டியிலும் ஒரு காற்றுக் குழாய் இறக்கச் சொல்லுங்கள். இரண்டு, அறையின் காற்றுப் போக்கி. பல கட்டடங்களில் அது காருக்கும் லிஃப்டுக்கும் நடுவிலேயே ஊதிக்கொண்டிருக்கும். அதை ஒரு குழாயில் சேர்த்து மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோக வேண்டும். மூன்று, காலையில் நாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோவரை இரவில் யாரோ ஏற்கெனவே நிறுத்துகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாட்ச்மேனைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், கோபிக்காமல். நான்கு, யாரும் நினைக்காதது: பூட்டிக் கிடக்கும் வீடுகள். ஊருக்குப் போனவர்கள் வீட்டுக் குளியலறையின் தரை வடிகாலில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் மூடி. அது வற்றினால் குழாயின் வாயு வீட்டுக்குள் வந்து, அங்கிருந்து படிக்கட்டுக்கு வரும். பூட்டிய வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

பொருளாளருக்கு ஒரு கணக்கு

பொருளாளர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ப்ளோவர் 5 ஹெச்.பி. என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுமையில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் நாளைக்கு ஏறக்குறைய 90 யூனிட். இரவு பதினொன்று முதல் ஐந்து வரை அடியோடு நிறுத்தினால் 22 யூனிட் மிச்சம், உறைமோர் நஷ்டம். அதற்குப் பதில் அந்த ஆறு மணி நேரமும் நாற்பது நிமிடம் ஓட்டி இருபது நிமிடம் நிறுத்தும்படி ஒரு டைமர் போடுங்கள். ராத்திரி கழிவு வருவதும் குறைவு, உயிர்களுக்குத் தேவையான காற்றும் குறைவு. இதில் இரவுக்கு ஏழரை யூனிட், மாதத்துக்கு 225 யூனிட் மிச்சம். தொட்டியும் கெடாது. அதற்கு மேல் மிச்சம் வேண்டுமென்றால், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி வைத்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும்படி ப்ளோவரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

எஸ்.டி.பி.க்கு என்று தனி சப்-மீட்டர் இல்லாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள். அடித்தள விளக்கும் தண்ணீர் மோட்டாரும் இழுக்கும் கரண்டையெல்லாம் எஸ்.டி.பி. தலையில் கட்டிப் பேசும் கமிட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மழையும் ஹைடைடும்

மழைக் குழாயைப் பிரித்த பிறகும் நம் பகுதிக்கு ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். காந்தி மார்க்கெட்டும் கிங்ஸ் சர்க்கிளும் ஏன் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீரில் நிற்கின்றன? மழை பெய்யும் அதே நேரத்தில் கடல் உயர்ந்து நின்றால், வடிகாலின் வாய் கடலுக்குக் கீழே போய்விடும். தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானதை நம் தலைமுறை மறக்காது.

நான்கரை மீட்டருக்கு மேல் ஓதம் எழும் நாட்களின் பட்டியல் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது. அதை அச்செடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்த நாட்களில் ஓதம் உச்சத்துக்கு வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே கழிவு சேரும் தொட்டியைக் காலி செய்து வையுங்கள். உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் வாஷிங் மெஷின் போட வேண்டாம் என்று வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டாலே பெரிய உதவி. தெருச் சாக்கடையில் சேரும் கடைசி சேம்பரில், ஒரே பக்கம் திறக்கும் வால்வு ஒன்று பொருத்துங்கள். வெளியே போவது போகும், திரும்பி வருவது வராது. அதில் துணி, பிளாஸ்டிக் மாட்டாமல் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பார்க்காத வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. தெருவில் தண்ணீர் தேங்கினால் மேன்ஹோல் மூடியைத் திறந்து விடாதீர்கள். 2017 ஆகஸ்டு 29 மழையில் இந்த நகரத்தின் பிரபல மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு நடந்து போகும்போது, திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து உயிரை விட்டார். தண்ணீர் மூடிய குழி யார் கண்ணுக்கும் தெரியாது. 1916 என்ற எண்ணில் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். சயானும் மாட்டுங்காவும் எஃப் வடக்கு வார்டு, தாராவி ஜி வடக்கு, செம்பூர் எம் மேற்கு. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு ஏறுகிறதா?

காடி ஓரத்துக் கட்டடங்களுக்கு என்றே ஒரு நோய் உண்டு. பழைய குழாய் விரிசல் விட்டிருந்தால், ஹைடைட் நேரத்தில் உப்புத் தண்ணீர் மண்ணுக்குள்ளிருந்து குழாயில் ஏறும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். நமக்கு வரும் குழாய்த் தண்ணீர் ஏரித் தண்ணீர், அதில் உப்பு மிகக் குறைவு. கழிவான பிறகும் சில நூறுகளில்தான் நிற்கும். கடல்நீரோ சுமார் 35,000. இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே எண் 1,750 அளவுக்கு ஏறிவிடும். அதனால் ஒரே சேம்பரில் ஹைடைட் நேரத்தில் ஒருமுறை, கடல் வற்றிய நேரத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குழாயில் ஓட்டை. இரண்டு நேரமும் ஒரே அளவு அதிகமாக இருந்தால் உங்கள் ஆழ்துளைக் கிணற்றைச் சந்தேகப்படுங்கள். கழிப்பறைக்குக் கிணற்றுத் தண்ணீர் விடும் கட்டடங்களில் இது சகஜம்.

உப்பு வந்தால் என்ன? நிதானமாக ஏறினால் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும். ஓதத்துக்கு ஓதம் ஏறி இறங்கினால் தாங்காது. இரும்பு அரிக்கும், பம்பு கெடும். அதைவிட மோசமானது, கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2,700 மில்லிகிராம் சல்பேட் இருப்பது. காற்றில்லாத இடத்தில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். குழாயின் கான்கிரீட் கூரையைத் தின்பதும் அதுதான், மனிதனைக் கொல்வதும் அதுதான்.

ஆளை இறக்காதீர்கள்

இதை மட்டும் பொதுக்குழுவில் எழுந்து நின்று படித்துக் காட்டுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு வந்தாலே மூக்கு மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். முதலில் இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் மூன்று பேர், நான்கு பேர் என்று படிக்கிறோமே, பெரும்பாலும் இப்படித்தான்.

பாதாளச் சாக்கடையையோ செப்டிக் தொட்டியையோ பாதுகாப்பில்லாமல் மனிதரைக் கொண்டு சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நேரடியாக அமர்த்தினாலும் ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தினாலும் ஒன்றுதான். அந்த வவுச்சரில் கையெழுத்துப் போடுவது நீங்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் நிர்ணயித்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. பணத்தால் யாரும் திரும்பி வரப் போவதில்லை. உறிஞ்சு லாரியை வரவழையுங்கள். பாதுகாப்பான முறையில் தூர்வார 14420 என்ற அழைப்பு எண் இருக்கிறது. எஸ்.டி.பி. அறைக் கதவில் பெரிதாக எழுதுங்கள்: தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, செருப்பு விழுந்தாலும் சரி, மொபைல் விழுந்தாலும் சரி.

சமையலறையும் மெஸ்ஸும்

நம்மவர்கள் வீட்டில் எண்ணெய் தாராளம். அப்பளம், வடை பொரித்த மிச்ச எண்ணெய் சிங்க்கில் போனால் குழாயின் சுவரில் உறைந்து, தொட்டியில் மிதந்து, உயிர்களுக்குக் காற்றுப் போகாமல் மூடும். ஒரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். பொரித்த எண்ணெயை வாங்கி பயோடீசல் செய்கிறவர்களிடம் சேர்ப்பிக்க உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் ஒரு திட்டமே தொடங்கியது.

கீழ்த்தளத்தில் மெஸ்ஸோ இட்லி மாவுக் கடையோ இருந்தால், அவர்கள் கழிவு குழாயில் சேருமுன் எண்ணெய் பிடிக்கும் பெட்டி கட்டாயம் வேண்டும். அதை வாரம் இருமுறை வழிக்க வேண்டும். மாவு கழுவிய தண்ணீர் விஷமில்லை. ஆனால் நுண்ணுயிர்களுக்கு அது கல்யாண விருந்து. ஒரே நேரத்தில் வந்தால் செரிக்காது. சிறிய தொட்டியில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். ஆசிட், கழிப்பறை பிளீச், சாயத் தண்ணீர் மூன்றும் உறைமோரைக் கொல்லும். வேலைக்கு வரும் அம்மாவிடம் ஆசிட் பாட்டில் வாங்கித் தராதீர்கள், அவர் கைக்கும் நல்லதல்ல.

எஸ்.டி.பி. இல்லாத சந்துகள்

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இருபது மாடியில் இல்லை என்று எனக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்னும் தாராவிச் சந்துகளில் இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளுக்குப் பொதுக் கழிப்பறைதான். அதை நடத்தும் கமிட்டிக்கும் இதே பாடங்கள்தான், அளவு மட்டும் வேறு.

கழிப்பறைக்குக் கீழே செப்டிக் தொட்டி இருக்கிறதா, சாக்கடை இணைப்பு இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டி என்றால் நிரம்பி வழியும் வரை காத்திருக்காமல் உறிஞ்சு லாரிக்குத் தேதி குறியுங்கள். நீண்ட கம்பை விட்டுக் கசடின் உயரத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு கசடு ஏறினால் நேரம் வந்துவிட்டது. காற்றுக் குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு மேலே உயர வேண்டும். பொதுக் கழிப்பறையை அங்கே வாழ்கிறவர்களே கட்டவும் நடத்தவும் முடியும் என்று காட்டியவர் நம் ஜோக்கின் அற்புதம். தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பின் மூலம் அவரும், மகிளா மிலன் பெண்களும் அதைச் செய்துகாட்டினார்கள். கணக்குப் புத்தகத்தைப் பெண்கள் கையில் கொடுத்த இடங்களில் கழிப்பறை தாக்குப் பிடிக்கிறது என்பது என் அனுபவமும்தான்.

தண்ணீர் குறைவு என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. குளித்த, துணி துவைத்த, கை கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்கு விடும் 'சுவிதா' மையம் 2016-ல் காட்கோபர் ஆசாத் நகரில் தொடங்கியது. 2022-ல் 111 இருக்கைகளோடு தாராவிக்கும் வந்தது. பெரிய கட்டடம் இல்லாமலும் இதன் தத்துவத்தைப் பின்பற்றலாம். மோரித் தண்ணீரையும் (குளித்த, கழுவிய தண்ணீர்) கழிப்பறைத் தண்ணீரையும் தனித்தனிக் குழாயில் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

தெளிந்த தண்ணீரை என்ன செய்வது?

திரும்ப உங்கள் கட்டடம், செயலாளர் சார். ஆளுக்கு 135 லிட்டரில் கழிப்பறைக்கு மட்டும் 45 லிட்டர் போகிறது. 320 பேருக்கு 14,400 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் கணக்கில் தினமும் ஒன்றரை டேங்கர். அதை நீங்கள் ஏற்கெனவே தயாரிக்கிறீர்கள், தெருவில் விடுகிறீர்கள். நம் பக்கத்திலேயே முன்னோடி இருக்கிறார்கள். செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை 2000-ஆம் ஆண்டிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 23 எம்.எல்.டி. நகரக் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து தன் இயந்திரங்களுக்குப் பயன்படுத்துகிறது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 எம்.எல்.டி. அளவில் தொழிற்சாலைகளுக்காக இதே வேலை நடக்கிறது. கழிப்பறைக்கு ஊற்ற நமக்கு என்ன தயக்கம்?

மூன்று நிபந்தனைகள். கழிப்பறைக்குப் போகும் குழாய் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். குடிநீர்க் குழாயோடு எங்கும் சேரக் கூடாது. இதைச் சோதிக்க, குடிநீர் வால்வை அடைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஒரேயடியாக நின்றுபோனால் நல்லது. வந்துகொண்டே இருந்தால் அன்றே பிளம்பரைக் கூப்பிடுங்கள். கடைசியாக, வடிகட்டிய தண்ணீரில் குளோரின் போட்டு அரை மணி நேரம் நிறுத்திய பிறகே மேலே ஏற்றுங்கள். காய்ந்த கசடைப் பூச்செடிகளுக்கும் மரங்களுக்கும் போடலாம், கீரைக்கும் கொத்தமல்லிக்கும் வேண்டாம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவுப் பத்திரத்தில் பி.ஓ.டி. என்று ஓர் எண் இருக்கும். தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கின் பசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கழிவில் இருநூறுக்கு மேல் இருப்பது, வெளியேறும்போது அந்தப் பத்திரத்தில் உள்ள எண்ணுக்குக் கீழே வந்தாக வேண்டும். மாதம் ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். மாதிரியை நீங்களே எடுங்கள். ஆபரேட்டர் எடுத்துக் கொடுக்கும் பாட்டில் சில சமயம் பிஸ்லேரி மாதிரி தெளிவாக இருக்கும்.

ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு

திருச்செந்தூர், காயல்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் வீடு கட்டுகிற பலர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள். கடற்கரை மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர். அங்கே அடி திறந்த உறைக்குழியைச் செப்டிக் தொட்டி என்று சொல்லி இறக்கினால், அது பக்கத்துக் கிணற்றில் கழிவை ஊற்றுவதற்குச் சமம். அடியும் பக்கமும் பூசிய, இரண்டு அறை கொண்ட தொட்டி கட்டுங்கள். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நீர்மட்டம் மேலே என்றால் குழியை விட்டுவிட்டு, சரளை நிரப்பிய ஆழமில்லாத பாத்தியில் கல்வாழை நட்டு, தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை அதில் விடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரியை அழைத்துக் கசடு எடுக்க வேண்டும். அந்த லாரி கசடை எங்கே கொட்டுகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பலர் கேட்டால்தான் பேரூராட்சிகள் கசடுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும். செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழிப் பேரூராட்சியில் அப்படி ஒன்று இருக்கிறது.

இந்த வாரம்

சொசைட்டியில் எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். இந்த வாரத்துக்கு ஒரு ஜாடி, ஒரு டி.டி.எஸ். மீட்டர், கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். மூன்றையும் எஸ்.டி.பி. அறையில் ஒரு அலமாரியில் வையுங்கள். ஆபரேட்டர் தினமும் காலை எட்டு மணிக்கு மூன்று எண்களை எழுத வேண்டும்: ஜாடியில் படிந்த கசடு எத்தனை மில்லி, தண்ணீரின் டி.டி.எஸ். எத்தனை, சப்-மீட்டரில் எத்தனை யூனிட். வாரம் ஒருநாள் நீங்களோ பொருளாளரோ போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அந்த அறைக்குள் யாரோ ஒரு கமிட்டிக்காரர் வருவார் என்று தெரிந்தாலே ராத்திரியில் ப்ளோவர் நிற்காது.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம், அந்த முப்பது நாள் எண்களை அப்படியே பிரதி எடுத்து அனுப்புங்கள். உங்கள் தொட்டியில் தயிர் உறைகிறதா, திரிகிறதா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.